கட்டிக்குள் ஆக்சிஜன் எங்கே குறைகிறது, அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. மூச்சு சீராக இருக்கிறது, ஆளும் தெம்பாகத்தான் இருக்கிறார். அதே ஆளின் கழுத்தில் இருக்கும் புற்றுநோய்க் கட்டிக்குள், ஒரு பகுதியில், ஆக்சிஜன் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான். ஆக்சிமீட்டருக்குத் தெரிந்தது ரத்தம் எவ்வளவு சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பியது என்பது மட்டும். அது கட்டியின் ஒவ்வொரு மூலையிலும் போய் இறங்கியதா என்று அதற்குத் தெரியாது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியும் கடைமடை காய்ந்து கிடப்பதில்லையா, அந்த மாதிரி.

இப்படி ஆக்சிஜன் எட்டாத நிலைக்கு ஹைபாக்சியா என்று பெயர். கட்டிக்குள் அது எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்ப்பது எப்படி, பார்த்து என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், ஏன் குறைகிறது? ஆரோக்கியமான உறுப்பில் ரத்த நுண்குழாய்கள் ஒழுங்காக, எந்த செல்லும் அதிக தூரத்தில் போய்விடாதபடி பரவியிருக்கும். கட்டியோ அவசர அவசரமாக வளர்கிறது, தனக்கு வேண்டிய குழாய்களையும் அவசரத்தில் கட்டிக்கொள்கிறது. அவை கோணல்மாணலாக, கசிந்துகொண்டு, சில இடங்களில் முட்டுச்சந்தாக முடிந்து, சில இடங்களில் எதிர்த்திசையில்கூட ரத்தத்தை ஓடவிட்டு, ஒரு தினுசாகத்தான் இருக்கும். குழாயிலிருந்து வெளியே கசியும் ஆக்சிஜனை வழியில் இருக்கும் செல்கள் எடுத்துக்கொள்வதால் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் அது தீர்ந்துபோகும். ஒரு தலைமுடியை இரண்டாக மடித்துவைத்த கனம்தான் அது. அதற்கு அப்பால் இருக்கும் செல்லுக்குப் பட்டினி.

இதை 1955-இல் தாம்லின்சனும் கிரேயும் இங்கிலாந்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோயின் மெல்லிய சீவல்களில் புற்றுசெல்கள் குழாய்போல உருண்டு திரண்டு கிடந்தன. ரத்தக்குழாய்கள் அந்த உருளைகளுக்கு வெளியே மட்டும் இருந்தன. மெலிந்த உருளைகளில் எல்லா செல்லும் உயிரோடு இருந்தது. தடித்தவற்றின் நடுவில் செத்த செல்களின் குவியல். உருளை எவ்வளவு தடித்திருந்தாலும் செத்த நடுப்பகுதிதான் பெரிதாகிக்கொண்டே போனதே தவிர, சுற்றியிருந்த உயிருள்ள ஓரத்தின் கனம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஆக்சிஜன் கசிந்து போகக்கூடிய தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய அதே அளவு வந்தது. ஆக, உயிருள்ள ஓரத்துக்கும் செத்த நடுவுக்கும் இடையில் ஒரு மெல்லிய வளையம்: சாகவும் இல்லை, சரியாக மூச்சுவிடவும் இல்லை. வில்லங்கமே இந்த வளையத்தில் இருக்கும் செல்கள்தான். (கதிர்வீச்சு அளவுக்கு வைத்திருக்கும் 'கிரே' என்ற அலகு இந்த கிரேயின் பெயர்தான்.)

சரி, பட்டினி கிடக்கும் செல் பலவீனமாகத்தானே இருக்கும், அதைக் கொல்வது சுலபம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். நேர்மாறு. பேச்சுவழக்கில் 'கரண்ட் வைக்கிறார்கள்' என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை (மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயர் அப்படி நின்றுவிட்டது) பெரும்பாலும் டி.என்.ஏ.-வை நேராகப் போய் உடைப்பதில்லை. செல்லில் நிறைந்திருக்கும் தண்ணீரை உடைக்கிறது, அதிலிருந்து கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல் என்ற முரட்டுத் துணுக்குகள் டி.என்.ஏ.-வைத் தாக்குகின்றன. தாக்கிய இடத்தில் ஒரு காயம், ஆனால் இன்னும் முடிவாகாத காயம். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது வந்து ஒட்டிக்கொண்டு காயத்தை நிரந்தரமாக்கிவிடும். இல்லையென்றால் செல்லிலேயே இருக்கும் குளுட்டதையோன் போன்ற பொருள்கள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துப் பழையபடி சரிசெய்துவிடும். கண் இமைப்பதற்குள், அதற்கும் வெகு முன்பே, இந்தப் போட்டி முடிந்துவிடுகிறது. ஆக்சிஜனே இல்லாத செல்லைக் கொல்ல, நல்ல ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படுவது இதனால்தான்.

ஆஸ்திரிய மருத்துவர் காட்வால்ட் ஷ்வார்ட்ஸ் 1909-லேயே இதன் நிழலைப் பார்த்திருக்கிறார்: கருவியைத் தோலில் அழுத்தி வைத்து, ரத்தம் விலகிய நிலையில் கதிர் கொடுத்தால் தோல் குறைவாகவே வெந்தது.

அளவு எப்படி என்றால், ஆக்சிஜனின் அழுத்தத்தை மி.மீ. பாதரசத்தில் சொல்வார்கள். சுவாசிக்கும் காற்றில் சுமார் 160. தமனி ரத்தத்தில் 100-ஐ ஒட்டி. பல ஆரோக்கியமான திசுக்களில் 30, 40, 50 என்று இருக்கும். 10-க்குக் கீழே போனால் ஹைபாக்சியா என்று பொதுவாகக் கணக்கு. கதிர்வீச்சின் பலம் உண்மையில் சரிவது அதற்கும் கீழே, 3-ஐ நெருங்கும்போது. கட்டிக்குள் இந்த எல்லா எண்களும் ஒரே மில்லிமீட்டருக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதுதான் நம்மை இடறப்போகிறது.

கதிருக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் விழித்துக்கொண்டு, 'இங்கே பிழைக்க வழியில்லை' என்கிற பாணியில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும்: புதுக் குழாய் கட்டு, சர்க்கரையை வேறுவிதமாக எரி, இடம்பெயர். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்குத்தான் கெயிலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹெக்கலும் வாபெலும் 1990-களில் கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஊசி வைத்து அளந்து பார்த்தபோது, ஆக்சிஜன் குறைந்த கட்டி உள்ளவர்கள் கதிர்வீச்சு இல்லாமல் அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டிருந்தாலும்கூட மோசமான முடிவையே சந்தித்தார்கள். கத்தி பட்ட இடத்தில் ஆக்சிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அப்படியிருந்தும் வித்தியாசம் இருந்தது என்றால் கட்டியின் குணமே மாறிவிடுகிறது என்றுதான் பொருள்.

அந்த ஊசியைப் பற்றி இரண்டு வரி. எப்பென்டார்ஃப் மின்முனை என்று பெயர். மெல்லிய ஊசி கட்டிக்குள் தத்தித் தத்தி நகர்ந்து, நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணைக் கொடுக்கும். நேரடியான அளவு, அந்த வகையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கை எட்டும் கட்டியில்தான் குத்த முடியும், செத்த பகுதியில் நிற்கிறதா உயிருள்ள பகுதியில் நிற்கிறதா என்று ஊசிக்குத் தெரியாது, இரண்டு வாரம் கழித்து மறுபடி குத்திக்கொள்ள யாருக்கும் விருப்பம் இருக்காது. கடைசியில் கிடைப்பது எண்களின் பட்டியல், வரைபடம் அல்ல.

வரைபடம் வேண்டுமென்றால் பெட் ஸ்கேனுக்குத்தான் போகவேண்டும். இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். புற்றுநோயாளிகள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பெட் ஸ்கேன் சர்க்கரை மாதிரியான எஃப்.டி.ஜி. என்ற மருந்தைப் போட்டு எடுப்பது. எந்தப் பகுதி சர்க்கரையை அதிகம் தின்கிறது என்பதைத்தான் அது காட்டும். அந்த ரிப்போர்ட்டில் ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே ஆக்சிஜன் குறைவு என்று அர்த்தமில்லை. ஹைபாக்சியாவுக்கு மருந்தே வேறு.

அதில் அதிகம் பழகியது எஃப்-மிசோ. ஃப்ளூரோமிசோனிடசோல் என்பது முழுப்பெயர், சுருக்கமே போதும். அமீபா வயிற்றுப்போக்குக்கும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுப்பார்களே, அதன் பங்காளி இது. நைட்ரோஇமிடசோல் என்ற ஒரே குடும்பம். குடும்பத்தின் வித்தை என்னவென்றால், இந்த மூலக்கூறு எந்த செல்லுக்குள்ளும் தாராளமாக நுழையும். உள்ளே போனதும் செல் அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும். ஆக்சிஜன் இருக்கும் செல்லாக இருந்தால் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்பி, வந்த வழியே வெளியேறிவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் பிடுங்க ஆளில்லை. மேலும் மேலும் எலக்ட்ரான் ஏறி, கடைசியில் செல்லுக்குள் இருக்கும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். செத்த செல்லுக்கு எலக்ட்ரான் கொடுக்கத் தெம்பில்லை, அதனால் அதில் ஒட்டாது. அந்த வளையத்து செல்களைத் தேடிப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான பொறி கிடைப்பது கஷ்டம்.

மூலக்கூறோடு கதிரியக்க ஃப்ளூரின்-18 அணு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அது விடும் பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானில் மோதி அழிய, எதிரெதிர்த் திசையில் இரண்டு கதிர்கள் பறக்கும், சுற்றியிருக்கும் கருவி அவற்றைப் பிடித்து எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடும்.

நடைமுறையில் இது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும் ஸ்கேன். எஃப்.டி.ஜி. ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் படுக்க வைத்துவிடுவார்கள். எஃப்-மிசோவுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒட்டாத மருந்து ரத்தத்திலிருந்தும் நல்ல திசுக்களிலிருந்தும் மெதுவாகத்தான் வெளியேறும். இதற்கிடையில் ஃப்ளூரின்-18 தானும் கரைந்துகொண்டிருக்கிறது: 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், நான்கு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் மிச்சம். காத்திருந்தால் வெளிச்சம் போய்விடும், காத்திருக்காவிட்டால் பின்னணி இரைச்சல் போகாது. கடைசியில் கிடைக்கும் படம், உள்ளதைச் சொல்கிறேன், பார்க்க மங்கலாகத்தான் இருக்கும். ரத்தத்திலோ தசையிலோ இருப்பதைவிடக் கட்டியின் ஒரு பகுதியில் மருந்து 1.2 முதல் 1.4 மடங்குக்கு மேல் தங்கியிருந்தாலே ஹைபாக்சியா என்று எடுத்துக்கொள்கிறார்கள். எஃப்.டி.ஜி. படத்தில் கட்டி பல மடங்கு பளிச்சிடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது 'இதுதானா?' என்றிருக்கும். சீக்கிரம் வெளியேறட்டும் என்று நீரில் எளிதாகக் கரையும் எஃப்-ஆசா போன்ற மருந்துகளும் வந்திருக்கின்றன.

இப்போது நம்மை இடறப்போகிறது என்று சொன்ன இடம். பெட் படத்தில் பிரித்துப் பார்க்க முடிவது சுமார் 5 மில்லிமீட்டர் வரைதான். 5 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மில்லிமீட்டருக்குத் தோராயமாகப் பத்து லட்சம் செல்கள் என்றால் இதற்குள் பன்னிரண்டு கோடிக்கு மேல். ஆக்சிஜனோ 0.2 மில்லிமீட்டருக்குள் நிறைவிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது படத்தின் ஒரு புள்ளிக்குள் நல்ல மூச்சுள்ள செல், திணறும் செல், செத்த செல் எல்லாம் கலந்து அரைத்த ஒரே எண்தான் நமக்குக் கிடைக்கிறது. அதனால் அந்த நிறத்தைப் பார்த்து 'இங்கே ஆக்சிஜன் 4' என்று சொல்ல முடியாது. 'இந்தப் பகுதியில் திணறும் செல்கள் நிறைய' என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று நேரம். ஹைபாக்சியா எல்லாம் ஒரே இடத்தில் நிலையாக உட்கார்ந்திருப்பதில்லை. குழாயிலிருந்து தூரம் என்பதால் வரும் பற்றாக்குறை நிலையானது. ஆனால் குழாயே கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு பிறகு திறப்பதும் உண்டு, நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில். இன்று எடுத்த படத்தில் தெரிந்த இடம் மூன்று நாள் கழித்து எடுத்தால் தெரியாமல் போகலாம், வேறோர் இடம் புதிதாகத் தெரியலாம். அப்புறம், ரத்தமே போகாத மூலைக்கு மருந்தும் போகாதே! அங்கே ஒன்றும் ஒட்டாது, படத்தில் பிரச்சினை இல்லாத இடம்போலத் தெரியும். இதைச் சமாளிக்க ஊசி போட்ட நிமிடத்திலிருந்தே படம் எடுத்து, மருந்து எவ்வளவு வேகத்தில் உள்ளே வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

கதிரியக்க மருந்தே வேண்டாம் என்றால் எம்.ஆர்.ஐ. வழி ஒன்று உண்டு, எனக்கு இதன் யோசனை ரொம்பப் பிடிக்கும். ஆளைக் கருவிக்குள் படுக்க வைத்து, முதலில் சாதாரணக் காற்று, பிறகு முகமூடி வழியாக நூறு சதவீத ஆக்சிஜன். ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஹீமோகுளோபினில் காலியிடம் இல்லை, அதனால் கூடுதலாக வந்தது கரைந்த நிலையில் மிதக்கும். கரைந்த ஆக்சிஜனுக்கு லேசான காந்தத்தன்மை இருப்பதால் எம்.ஆர்.ஐ. சிக்னல் மாறும். பற்றாக்குறை உள்ள இடத்தில் வந்ததையெல்லாம் காலியாக இருக்கும் ஹீமோகுளோபின் வாரிக்கொள்ளும், கரைந்து மிதக்க மிச்சமிருக்காது, அந்த சிக்னலும் மாறாது. ரத்தம் ஓடியும் மாற்றம் தெரியாத இடம் எதுவோ அதுதான் சந்தேகத்துக்குரிய இடம். மூளை ஆய்வில் பயன்படும் போல்ட் என்ற முறையையும் கட்டிக்குப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் அது ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினைப் பார்க்கிறது, அதாவது குழாய்க்குள் நடப்பதை. திசுவுக்குள் என்ன நிலவரம் என்பதை அதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும். ஒளித்துடிப்பை அனுப்பி, அது கிளப்பும் ஒலியைக் கேட்டு ஹீமோகுளோபினின் நிலையை அறியும் ஃபோட்டோஅகூஸ்டிக் முறையிலும் இதே குறை, அதோடு சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் எட்டாது.

சரி, பார்த்தாயிற்று. என்ன செய்வது?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஆக்சிஜனை ஊற்றுவது. 1950-களிலேயே லண்டனில் நோயாளியை உயர் அழுத்த ஆக்சிஜன் தொட்டிக்குள் வைத்துக் கதிர் கொடுத்தார்கள். சில வகைப் புற்றுநோயில் ஓரளவு பலன் கிடைத்தது, ஆனால் நடைமுறையில் பெரிய ரோதனை. ரத்தச்சோகையைச் சரிசெய்தால் போதுமே என்று எரித்ரோபொய்டின் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். தலை-கழுத்துப் புற்றுநோயில் 2003-இல் வந்த முடிவு அதிர்ச்சியாக இருந்தது, ஹீமோகுளோபின் ஏறியது, நோய்க் கட்டுப்பாடு முன்பைவிட மோசமானது. ஆக, ரத்தத்தில் ஏற்றினால் கட்டிக்குள் இறங்கிவிடும் என்ற கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஆக்சிஜன் தண்ணீர், ஆக்சிஜன் சிலிண்டர் என்று புற்றுநோய்க்கு மருந்து சொல்பவர்களிடம் யாராவது இதைக் காட்டலாம்.

இரண்டாவது வழி மருந்து. டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மாத்திரையைத் தலை-கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதுவும் நைட்ரோஇமிடசோல் குடும்பம்தான், ஆக்சிஜன் செய்யவேண்டிய வேலையைக் கொஞ்சம் தான் செய்யும். இன்னொன்று டிரபசமைன், ஆக்சிஜன் இல்லாத செல்லில் மட்டும் விஷமாக மாறும் மருந்து. இதன் கதையில்தான் படம் எடுப்பதன் அருமை தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 45 பேருக்கு எஃப்-மிசோ ஸ்கேன் எடுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியில் ஹைபாக்சியா தெரிந்தவர்களுக்கு இந்த மருந்து தெளிவாக உதவியது, தெரியாதவர்களுக்கு வித்தியாசம் இல்லை. பிறகு 800-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள், ஆனால் யாருக்கு ஹைபாக்சியா இருக்கிறது என்று பார்த்துச் சேர்க்கவில்லை, எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். பலன் இல்லை என்று முடிவு வந்தது. மருந்தும் ஓரங்கட்டப்பட்டது. மருந்து மோசமா, இல்லை ஆளைத் தேர்ந்தெடுக்காமல் கொடுத்ததுதான் மோசமா என்ற கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

மூன்றாவது, படத்தில் தெரியும் பகுதிக்கு மட்டும் கூடுதல் கதிர். கட்டி முழுவதற்கும் ஒரே அளவு என்று வைக்காமல், திணறும் பகுதிக்குக் கொஞ்சம் அதிகம். வண்ணம் பூசுவதுபோல இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்க இன்றைய கருவிகளால் முடியும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின் மேல், முதல் நாள் எடுத்த படத்தை நம்பி ஏழு வாரம் குறிவைப்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது எதிர்த்திசை: குறைத்துக் கொடுக்க இந்தப் படத்தைப் பயன்படுத்துவது. சிகிச்சை தொடங்கியதும் ஓரத்து செல்கள் சாக, உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டத் தொடங்கும். பல கட்டிகளில் ஹைபாக்சியா ஓரிரு வாரத்தில் மறைந்தேவிடும். மறையாதவைதான் தொல்லை தருபவை என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு போன்றவர்கள் சிகிச்சையின் நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் இதைத் தொண்டைப் புற்றுநோயில், அதுவும் ஹெச்.பி.வி. வைரஸால் வருகிற வகையில், நேராகவே பரிசோதித்தது. வழக்கமான அளவு 70 கிரே, 35 தவணை, ஏழு வாரம். வாய் வறண்டு, ருசி போய், விழுங்க முடியாமல், சிலருக்கு அது வாழ்நாள் முழுவதும். இந்த ஆய்வில் முதலில் கட்டி தொடங்கிய இடத்தை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டு, கழுத்து நெறிகட்டிகளை விட்டுவைத்து, எஃப்-மிசோ ஸ்கேன் எடுத்தார்கள். ஹைபாக்சியா தெரியவில்லை என்றாலோ, முதலில் தெரிந்து சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் மறைந்துவிட்டாலோ, 30 கிரேயோடு நிறுத்தம், கீமோவும் உண்டு. பிடிவாதமாக இருந்தால் முழு 70.

150-க்கும் மேற்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 30-இல் நின்றார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குக் கழுத்திலும் தொண்டையிலும் நோய் திரும்பியிருக்கவில்லை. பன்னிரண்டு கோடி செல்லை ஒரே புள்ளியாக அரைத்துக் காட்டும் அந்த மங்கலான படம், மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்க உதவாவிட்டாலும், இந்த ஆளுக்கு 30 போதுமா 70 வேண்டுமா என்ற கேள்விக்கு உதவியிருக்கிறது.

ஆனாலும் இது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் அல்ல, அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கும்போது ரிப்போர்ட்டில் இந்தப் பெயரே இல்லையென்றால் எதையோ விட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம். 30 கிரே கணக்கும் ஹெச்.பி.வி. வகைக்கு மட்டும்தான், அந்த வகைக் கட்டிகள் இயல்பிலேயே கதிருக்கு எளிதில் மடிபவை. புகையிலையால் வரும் தொண்டைப் புற்றுநோயில் ஸ்கேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் யாரும் பாதியாகக் குறைத்துக் கொடுக்கத் துணிய மாட்டார்கள். அங்கே சிகிச்சை நடக்கும் வாரங்களிலும் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவரின் ரத்தத்தில், ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்திருக்கும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அப்போதும் அது 98 என்றே காட்டும்.